மூன்றாவது ரகம்

மண்ணடியில் இரண்டு மணி வெயில்.
தமீம் கண்ணாடி மேஜைமேல் மூன்றையும் வைத்தான்,
ஏலத்தில் கூடை கவிழ்ப்பதுபோல்.
சங்கரா, பாறை, வஞ்சிரம் என்று
மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்டேன்.

முதலாவது காற்றில் ஓடுவது.
கைக்கு லேசு, காசுக்கும் லேசு.
ஆனால் கூடவே ஒரு கம்ப்ரஸர் வேண்டும்,
கம்ப்ரஸருக்கு ஒரு மூலை வேண்டும்.
எங்கள் வீட்டில் மூலை நான்கு.
ஒன்றில் சிலிண்டர், ஒன்றில் தண்ணீர் டிரம்,
ஒன்றில் ஏசு படம், ஒன்றில் மகன் படிக்கிறான்.
"சத்தம் எப்படி?" என்றேன்.
"மேல்மாடி கீழ்மாடி ரெண்டும் வந்துரும் சண்டைக்கு" என்றான்,
விற்கிறவன் சொல்லக்கூடாத உண்மையை.

இரண்டாவது வயர் வைத்தது.
ஸ்டேப்ளருக்குப் பெரியண்ணன்.
நாற்காலிக்கு ரெக்ஸின் அடிக்கலாம்.
பலகையும் பலகையும் சேர வேண்டுமென்றால்
பாதி ஆணி வெளியே நின்று
பல் தெரியச் சிரிக்கும்.

மூன்றாவது பேட்டரி.
தூக்கிப் பார்த்தேன். மூன்று கிலோ இருக்கும்,
நல்ல வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்கின கனம்.
மூக்கை மரத்தில் அழுத்தினால்தான் அடிக்கும்,
சும்மா விசையை இழுத்தால் சும்மா இருக்கும்.
வாயைத் திறக்குமுன் யோசிக்கிற ரகம்.
விலையைக் கேட்டேன்.
கேட்டதும் முதலாவதை மறுபடி தொட்டேன்.

"இன்னாத்துக்கு சார்? ஊட்டு வேலைதானே?
ஒரு சுத்தி போதுமே, இருநூத்தம்பது ரூபா."
நல்லவன்.
அதுவரை பேன்ட் பைக்குள் இருந்த இடது கையை
மேஜைமேல் எடுத்து வைத்தேன்,
நான்காவது சாமான்போல்.

வின்ச் கயிறு. பதினோரு வருஷம் ஆகிறது.
விரல்கள் இருக்கின்றன, எண்ணினால் ஐந்து.
பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.
ஐஸ் ஃபேக்டரியில் டோக்கன் கிழிக்க
ஒரு கை போதும்.
சுத்தி பிடிக்கவும் வலது கை போதும்.
ஆணி பிடிக்கத்தான் எப்சிபா.

போன வாரம், மீஞ்சூரில் எடை போட்டு வாங்கிய பேலட் பலகையில்
மகனுக்கு மேஜை.
அவள் பிடித்தாள், நான் அடித்தேன்.
அடிமேல் அடி வைத்தால் அம்மி நகருமாம்.
நகர்ந்தது அவள் கட்டைவிரல் நகம்.
சிவந்து, கறுத்து, இப்போது
ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
"பரவால்ல, இன்னொரு கை கீது" என்றாள்.
பசுமரத்தாணி என்று பள்ளிக்கூடத்தில் படித்தேனே,
அது அந்தச் சொல்தான்.
காய்ந்த பைன் மரத்தில்
எதுவும் அப்படி இறங்குவதில்லை.

தமீம் அப்புறம் சுத்தியைப் பற்றிப் பேசவில்லை.
வெட்டி எறிந்த பிளைவுட் துண்டொன்றைத் தரையில் போட்டு
ஓரத்தைத் தன் செருப்பால் மிதித்துக்கொண்டான்.
"அடிச்சிப் பாருங்க."
அழுத்தினேன். இழுத்தேன்.
டப்.
ஆணி எங்கே என்று விரலால் தடவித்
தேட வேண்டியிருந்தது.
போட்டை விட்டு இறங்கிய பிறகு
ஒரு காரியத்தை நான் தனியாகச் செய்து முடித்தது
அந்த அரை நொடியில்தான்.
(செருப்பை நான் அப்போது கணக்கில் எடுக்கவில்லை.)

பாதி ரொக்கம், பாதி ஜிபே.
"துத்தநாகம் பூசின ஆணியா எடுத்துக்கங்க,
உங்க பக்கம் உப்புக் காத்து,
மத்ததெல்லாம் ஒரு மழைக்கே துருப் புடிச்சிரும்."
எடுத்துக்கொண்டேன்.
காசிமேடுவரை ஷேர் ஆட்டோவில்
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பக்கத்திலிருந்தவர் கேக்கா என்றார்.
ஆமாம் என்றேன்.

வீட்டில் பெட்டியைப் பிரித்து
"இனிமே ஆணியை நீ புடிக்க வேணாம்" என்றேன்,
ஆணித்தரமாக.
எப்சிபா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு பலகையைப் பார்த்தாள்.
அது சுவரில் சாய்ந்து,
விட்டால் சரியத் தயாராக நின்றது.
"சரி, இத்த யாரு புடிக்கிறது?"

நாளைக்கு மறுபடி மண்ணடி போக வேண்டும்.
கிளாம்ப் என்ன விலையென்று தமீமைக் கேட்க வேண்டும்.
இன்றைக்கு அவளே பிடித்துக்கொண்டாள்,
கட்டைவிரலை மட்டும்
நன்றாகத் தள்ளி வைத்து.